வெட்டு இல்லாத பாஸ்

போன வாரம் கருங்கல் பஸ்ஸில் கண்டக்டர் பையன் குனிந்து, "பாஸா டிக்கெட்டா, பாட்டா?" என்று கேட்டான். காசைக் கையில் வைத்துக்கொண்டே சட்டைப் பையைத் தடவினேன். இந்த வயதிலும் பாஸ் என்ற சொல்லைக் கேட்டால் என் கை தானாகச் சீட்டைத் தேடும். சிரிக்காதீர்கள்.

சின்ன வயதில் அது நல்ல சொல்லாகத்தான் இருந்தது. நான் பள்ளி இறுதி பாஸானதும் அப்பா வேதக்கோவில் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்தப் பவுசில்தான் அசம்பு மலைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை கிடைத்தது. தோட்டத்தை நடத்திய துரையின் மேசையில் தலையணை பருமனுக்கு ஓர் அகராதி உண்டு. அவர் இல்லாத வேளைகளில் புரட்டுவேன். பாஸ் என்ற குட்டிச் சொல்லுக்குப் பக்கத்தைத் தாண்டியும் பொருள் ஓடியது: தேறுவது, கடந்து போவது, மலைக் கணவாய், பந்தைத் தள்ளிவிடுவது, சட்டம் நிறைவேறுவது, செத்துப் போவதுகூட. பிறந்த இடம் லத்தீனாம். அங்கே அதற்குக் காலடி என்று பொருளாம். எங்கள் தோட்டத்திலோ வெளியே காலடி எடுத்து வைக்கவே பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும்.

சனிக்கிழமைதோறும் துரை ஐந்து வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். பெயரும் நாளும் நான் எழுத வேண்டும். எழுதியதை வெட்டித் திருத்தினால் செல்லாது. பாஸ் இல்லாமல் அடிவாரக் கேட்டைத் தாண்டினவருக்கு மறுநாள் லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசையில், இடம் கிடையாது. ரைட்டருக்கும் அதே சட்டம்தான். மழை விட்ட காலையில் மேட்டில் ஏறி நின்றால் கடியப்பட்டணம் பக்கத்துக் கடல் பளபளவென்று தெரியும். எங்கள் ஊர் கண்ணுக்கு எட்டும், போக முடியாது. அதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

இரண்டாம் வருஷம் ஊர் வேதக்கோவிலில் எங்கள் சபை அசனம் வந்தது. ஊரே பந்தியில் உட்கார்ந்து சோறு தின்னும் நாள். துரை திருவனந்தபுரம் கிளம்பும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான்கு சீட்டு கேட்டவர்களுக்குப் போயிற்று. ஐந்தாவதில் என் பெயரை அழகாக எழுதி, மை காய ஊதிக்கொண்டிருந்தேன். அப்போது பொன்னம்மை வந்தாள். கொழுந்து கிள்ளுகிறவள், எங்கள் ஊர்தான், அடுத்த தெரு. பிள்ளையை அக்காளிடம் விட்டுவிட்டு மலையேறி ஒரு வருஷம்.

"எனக்க கொச்சுக்கு காய்ச்சலாம் அய்யா. ஒரு பாஸ் எழுதித் தாரும்."

எழுதியாயிற்று, வெட்டினால் செல்லாது என்றேன். அது நிஜம்தான். அவள் பிள்ளையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் கேட்டுக்காரக் கிழவனிடம் சீட்டை நீட்டினேன். தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"வெட்டு ஒண்ணும் இல்ல. செரி, போவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கு வாசிக்கவே தெரியாது! இரண்டு வருஷமாக முத்து முத்தாக நான் எழுதிய பெயர்களை ஒருவரும் படித்ததில்லை. என் பெயர் போட்ட சீட்டோடு பொன்னம்மை தாராளமாக இறங்கியிருக்கலாம். திரும்பி ஏறி அவளிடம் சீட்டைக் கொடுக்க இரண்டு மணி நேரம். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். அசனத்துக்குப் போனேன், வயிறு முட்டத் தின்றேன். வெட்கம்கெட்டவன்.

சாயங்காலம் பிள்ளையைப் பார்க்கப் போனேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. பிள்ளை பெரியம்மாவின் இடுப்பில் இருந்தது. உன் அம்மா மலையிலிருந்து விசாரித்தாள் என்றேன். அது பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மெ இன்னா நிக்கா" என்றது, அம்மா இதோ நிற்கிறாளே என்று. அக்காள்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பொன்னம்மை கூடையோடு வழியிலேயே காத்து நின்றாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்றேன். அது அவளுக்குப் போதவில்லை.

"என்னியத் தேடிச்சா?"

"தேடிச்சு" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது போரும் அய்யா" என்று கொழுந்துக்காட்டுக்குள் போய்விட்டாள்.

இப்போது அந்தக் கேட் இல்லை, லயமும் இல்லை. பையன்கள் பைக்கில் மலையேறிப் படம் பிடித்துவிட்டு வருகிறார்கள், கேட்பார் இல்லை. பொன்னம்மையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அவளைத் தினமும் பார்த்தேன். கேட்டுக்காரனுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மட்டும் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.