மாட்டெலும்பும் மார்கழிப் பதிகமும்

என்பு மாலை பூண்டு ஆடும் பெருமானே, என் தாடையில் எஞ்சியிருக்கும் என்புக்கும் நீயே காப்பு. வெகுதானிய வருடத்து மார்கழித் திருவாதிரை நன்னாளில், கோயிலிலிருந்து திரும்பிய கையோடு இதனை எழுதுகிறேன்.

இந்தப் பனி நாட்டின் ஸ்காபரோ நகரில், கம்பளக் கிடங்காக இருந்து கோயிலாக உயர்ந்த மண்டபம் ஒன்றில் திருவாதிரைப் பதிகம் பாடுவது தொடக்கம் முதலே என் தொண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் இதே திருநாளில், பெருமானின் தூக்கிய திருவடியை நீட்டி விளிக்கும் இடத்தில், என் மேல்வாய்க் கட்டுப்பல் கழன்று ஒலிவாங்கியின் மேல் விழுந்தது. அந்த ஓசையை ஒலிபெருக்கி மண்டபம் முழுவதற்கும் பகிர்ந்தளித்தது. சிலர் அதைத் தாளம் என்று எண்ணித் தலையாட்டினர். அன்றிலிருந்து வாய் திறக்கும் பாட்டுக்கெல்லாம் அஞ்சினேன். வாயை மூடிக்கொண்டு பாடக்கூடிய பதிகத்தை அடியார் எவரும் அருளிச்செய்யவில்லை.

மகள் என்னை அருகிலுள்ள மில்லிக்கனில் ஒரு பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள். தாடையில் திருகாணிகளைப் பதித்து அவற்றில் பற்களைப் பூட்டினால் இனிக் கழலாது என்றார் அவர். ஆனால் ஆணி ஏற என் எலும்பு போதாது. முதலில் அதைத் தூளிட்டு நிரப்ப வேண்டுமாம். வெள்ளைக்காரரின் விளக்கத்தைத் தடையின்றி மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மகள் அந்த இடத்தில் மட்டும் திக்கினாள்.

“என்ன தூள், பிள்ளை?”

“எலும்புத் தூள், அப்பா.”

“ஆற்றை எலும்பு?”

“மாட்டின்ரை. விருப்பமில்லாட்டி செத்த மனிசற்றையும் இருக்காம்.”

“அந்த மனிசர் சைவமோ எண்டு கேள்.”

அவள் கேட்கவில்லை. “உங்கட இடுப்பெலும்பிலையும் வெட்டி எடுக்கலாமாம்.”

“அது நான் நிண்டு பாடுறதுக்கு வேணும்.”

முட்டையைக்கூடத் தீண்டாதவன் நான். ஆயினும் என் பெருமானின் கோலத்தை எண்ணிப் பார்த்தேன்: கழுத்தில் என்பு, கையில் கபாலம், அரையில் புலித்தோல், ஏறுவது எருது. இவற்றையெல்லாம் ஓர் ஆயுட்காலம் உருகிப் பாடியவன், ஒரு சிமிழ் தூளைக் கண்டு மூக்கைப் பிடிப்பதா? சம்மதித்தேன்.

மகள் தன் சிநேகிதி ஒருத்தியிடம் மட்டுமே சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் செய்தி தொலைவிலுள்ள பிறம்ரன் நகர் வரை போய்த் திரும்பிவிட்டது. கோயில் தலைவர் என்னைச் செருப்பு வைக்கும் இடத்தில் மறித்தார். என் பாட்டுக்கு மிருதங்கம் வாசிப்பவரும் அவரே.

“அண்ணை, வாய்க்குள்ளை மாட்டை வைச்சுக்கொண்டு சுவாமிக்கு முன்னாலை பாடலாமோ? சனம் கதைக்குது.”

“தம்பி, உம்மடை மிருதங்கத்துக்கு என்ன தோல் போட்டிருக்கு?”

“அது சுருதி சேர்த்த தோல் எல்லோ.”

“சுருதி சேர்த்தால் மாடு மாடில்லையோ?”

“சுருதி நிண்டால் அது வாத்தியம், அண்ணை. விலகினால்தான் மாடு.”

“அப்ப என்ரை எலும்புக்கும் உதுதான் சட்டம். பல்லுப் பூட்டினாப் பிறகு வாற திருவாதிரைக்குப் பாடுறன். விலகினால் பாடுறதையே விட்டிடுறன்.”

சுற்றி நின்ற நிர்வாகசபையினர், ஆகமத்தில் புதிய விதியொன்று பிறந்துவிட்டதைப் போலத் தலையசைத்தனர்.

தூள் எலும்பாக இறுகவும் ஆணிகள் அதில் ஊன்றவும் மாதங்கள் பல சென்றன. இடையில் வந்த திருவாதிரைக்கு ஒலிநாடா பாடியது. அதன் வாயில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. தலைவர் அதற்கும் பக்தியோடு வாசித்தார்.

இன்று காலை நான் பாட எழுந்து நின்றேன். தலைவரின் மிருதங்கம் இரவெல்லாம் காரின் பின்பெட்டியில் உறைந்து கிடந்துவிட்டு, அப்போதுதான் வெப்பமூட்டியின் அருகில் வந்து இறங்கியிருந்தது. தொடக்கத்தில் இணங்கியே ஒலித்தது. திருவடி வரி வந்தது. கண்ணை மூடி வாயைத் திறந்தேன், பல் அசையவில்லை. நீட்டினேன், அப்போதும் அசையவில்லை. மிருதங்கம்தான் சுருதியை விட்டு வெளியேறியது. சுருதி சேர்க்க அதன் விளிம்பைக் கல்லால் தட்டினார், மேலும் விலகியது. கடைசிப் பாட்டுக்கு அவர் கையைக் கட்டிக்கொண்டு, வெறும் அடியாராக இருந்து கேட்டார்.

“குளிர், அண்ணை,” என்றார் பிறகு, என் முகத்தைப் பாராமலே.

“ஓம் தம்பி. மாட்டுக்கும் குளிரும்தானே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாற வருசமும் நீங்கள்தான் பாட வேணும்,” என்று கடலைச் சுண்டலை என் கையில் இரட்டிப்பாக அள்ளி வைத்தார். ஒரு கடலையும் என்னை எதிர்த்து நிற்கவில்லை.

இதனை வாசிக்கும் அன்பர் அனைவருக்கும், பல் இருப்பினும் இல்லாவிடினும், வாயாரப் பாடும் பேறு வாய்க்க! எந்த எலும்பு தாங்கினாலும், அவர்தம் சுருதி விலகாதிருக்க!