தோளைக் குலுக்கிய இயக்குநர்

எலெக்ட்ரோனிக் இசையில் பெயர் வாங்கி, அது அலுத்ததும் படமெடுக்க வந்த பிரெஞ்சுக்காரர் அவர். கலைந்த தாடி, விலைகூடிய கிழிந்த ஜீன்ஸ். ரொறொன்ரோவில் ஒரு திரைப்பட விழாவில், அவருடைய கேள்வி பதில் நிகழ்ச்சியை வீடியோ எடுக்க நானும் நண்பனும் போயிருந்தோம். அவருடைய படத்தில் சமையலறையில் நிற்கும் ஒரு பிரிட்ஜ் நீதிபதியாகி ஊரையே தூக்கில் போட்டது. "ஏன் பிரிட்ஜ்?" என்று யார் கேட்டாலும் அவர் தோளைக் குலுக்கினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் சபை கைதட்டியது.

"உவருக்குப் பதில் தெரியாது போல கிடக்கு," என்றான் நண்பன்.

"ஓம், அதுக்குத்தான் கை தட்டுகினம்."

நிகழ்ச்சி முடிந்து நாங்கள் சாமான் கட்டும்போது அவர் என் லப்டொப்பை எட்டிப் பார்த்தார். வயதுக்கு வந்து பெரியபிள்ளையான ஒருத்திக்கு ஸ்காபரோவில் நடந்த, நாங்கள் எடுத்த சாமத்தியவீட்டு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. புகைக்கு நடுவே ஒரு இராட்சதச் சிப்பி திறக்க, உள்ளேயிருந்து பட்டுச்சேலையில் பிள்ளை எழும்பி வந்தாள். மாமன்மார் ரோமாபுரிச் சிப்பாய்களாக வாளோடு காவல் நின்றார்கள்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. ஏன் சிப்பி, ஏன் வாள் என்று ஆங்கிலத்தில் விடாமல் கேட்டார்.

நான் தோளைக் குலுக்கினேன்.

காரணமில்லாமல் யாராவது இப்படியெல்லாம் செய்வார்களா என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.