கிழக்குப் படியை உடைக்கச் சொன்ன ஆரோக்கியமேரி

ஆவூரிலிருந்து ஆரோக்கியமேரி டீச்சரின் தம்பி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். "அக்கா காலையில போயிட்டாங்க. ஒங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்" என்றார். கையில் இருந்த சுண்ணாம்புக்கட்டியோடு அப்படியே பஸ் ஏறினேன். அடக்கத்துக்கு ஆவூர் மாதா கோயிலில் கூடியவர்களில் பாதிப் பேர் புதுக்கோட்டைக்காரர்கள். புதுக்கோட்டைக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருஷம் மேரி எங்கள் பள்ளிக்குச் சரித்திர ஆசிரியையாக வந்தார். நான் தமிழ் நடத்தினேன். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து பார்க்கும் நடுக்குளத்தின் கிழக்குப் படிக்கட்டை அவர் முதல் வாரமே போய்ப் பார்த்தார். மேலே அகன்று, இறங்க இறங்கக் குறுகும் படிகள்; நடுவில் தூண் வைத்த மேடை. சுண்ணாம்பே இல்லாமல் கல்லைக் கல் கவ்வி நிற்கும் கட்டுமானம். மழைநீர் தேங்காதபடி ஒவ்வொரு கல்லும் குளத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். முன்பு ஒரு பஞ்சத்தில், கஞ்சி ஊற்றி வேலை கொடுத்துக் கட்டியது என்பார்கள். "கட்டுனவங்க பேரு ஒரு கல்லுலயும் இல்ல. ராஜா பேரு மட்டும் இருக்கு" என்று பிள்ளைகளிடம் சொல்வார் மேரி. கடை கட்டுவதற்காகச் சிலர் அந்தப் படியை இடிக்கப் பார்த்தபோது, வீடு வீடாகப் போய் ஆள் திரட்டித் தடுத்தவரும் அவர்தான்.

பிறகு மழை பொய்த்தது. குளம் வெடித்துக் கிடந்தது. வல்லத்திராக்கோட்டைப் பக்கமிருந்து வண்டியில் வந்த தண்ணீருக்கு அடிதடி நடந்தது. குளத்துக்குள் கிணறு தோண்டினால் ஊற்று கிடைக்கும் என்றார்கள். ஆனால் பாறை துளைக்கும் இயந்திரத்தோடு லாரி இறங்க வேண்டும். மற்ற மூன்று பக்கமும் வீடுகள். கிழக்குப் படியை உடைத்தால்தான் வழி.

கிணற்று வேலைக்கு வந்திருந்த எஞ்சினீயர் பள்ளிக்கே வந்தார். "நீங்க சரின்னு சொல்லாம ஊருக்காரங்க கை வைக்க விட மாட்டாங்க, டீச்சர்."

"நாளைக்குச் சொல்றேன்" என்றார் மேரி.

அன்று மாலை குளக்கரையில் ஒரு பெண் அவரை மறித்தாள். இடுப்பில் துவண்டுபோன குழந்தை. "கலங்கல் தண்ணியக் குடிச்சிட்டு எம்புள்ளைக்கு வாந்தி நிக்கல டீச்சர். ஒங்க படிக்கட்டக் கரைச்சா வாயில ஊத்துறது?"

விடிவதற்குள் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. மேரி நேராக எஞ்சினீயரிடம் போனார். "ஒடைங்க. பஞ்சத்துல பொழைக்கக் கட்டுனதுதான், பஞ்சத்துலயே போகட்டும்."

முதல் கல்லை நெம்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நாள்கணக்கில் துளைத்த பிறகு தண்ணீர் வந்தது. உப்புக் கரித்தாலும் குடிக்க முடிந்தது; மழை வரும்வரை நாம் பிழைத்தது அதனால்தான். கல்லையெல்லாம் பழையபடி அடுக்கித் தருவதாகச் சொன்ன எஞ்சினீயர் மாற்றலாகிப் போனார். கற்கள் போன இடமும் தெரியவில்லை. மேரி பல வருஷம் அலைந்து கேட்டுப் பார்த்து, ஓய்ந்துபோனார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது படிக்கட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எஞ்சினீயர் கேட்ட அன்னிக்கே சரின்னிருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்குமா, கமலா?"

"தண்ணி வரவே அத்தன நாளாச்சே மேரி. பொழச்சிருக்காது."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் கேட்ட அந்தக் கேள்விதான் இப்போது என்னிடம் இருக்கிறது. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.