தாம்பரத்தில் அமெரிக்க மூளை

தாய்மொழியை அந்நியருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையில், வகுப்புக்குள் எல்லாம் தெரிந்தவராகப் போய் எதுவும் தெரியாதவராக வெளியே வருவோம். இந்த வேலையைச் செய்தவர்கள், குறைந்தபட்சம் வடநாட்டு மருமகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க முயன்றவர்கள், என் அவஸ்தையைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.

எண்பதுகளின் நடுவில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல், ஆராய்ச்சி என்றும் சேவை என்றும் வந்த அமெரிக்கர்களுக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் பேச்சுத் தமிழ் நடத்தினேன். குரோம்பேட்டையிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் வருவேன். அப்போது எங்கள் பக்கத்தில் அமெரிக்கரைப் பற்றி இரண்டே அபிப்பிராயம். நிலாவில் கால் வைத்தவர்கள், அதனால் எல்லோருமே மேதைகள் என்பது ஒரு கட்சி. மூன்றும் ஏழும் எத்தனை என்றால் கால்குலேட்டரைத் தேடுகிற மக்குகள் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் அமெரிக்கரோடு உட்கார்ந்து பேசியவர் அநேகமாகக் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என் மாணவர்கள். கூடவே நானும்.

மோட்டார்

மாடி அறையின் சொந்தக்காரர் தணிகாசலம் ரயில்வேயில் ரிடையரானவர், மேதைக் கட்சி. ஒரு கோடையில் அவர் வீட்டுக் கிணற்று மோட்டார் நின்றுவிட்டது. தண்ணீர்ப் பஞ்ச வருஷம். தெருவே குடங்களோடு லாரிக்குக் காத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மச்சான், எதிர்வீட்டு இன்ஜினீயர் என்று ஆளாளுக்கு வந்து, "இது சின்ன விஷயம் சார்" என்று எதையாவது கழற்றி மாட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் மோட்டாரின் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமானது.

அந்தச் சமயம் என்னிடம் படித்தவன் கேரி, பஜனைப் பாடல்களை ஆராய வந்தவன். வகுப்பின் நடுவில் தணிகாசலம் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், இவரைக் கொஞ்சம் கீழ அனுப்புங்க. நிலாவுக்கு ராக்கெட் விட்டவங்களுக்கு இந்த மோட்டார் எம்மாத்திரம்?" மறுக்கத் தெரியாமல் கேரி இறங்கிப் போனான். மோட்டார் முன்னால் குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அந்த வாரம் கற்றுக்கொண்ட வாக்கியத்தைச் சுத்தமாகச் சொன்னான்: "மன்னிக்கணும் சார், எனக்குத் தெரியாது."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தணிகாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு நிஜ மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். சாயந்திரம் குழாயில் தண்ணீர் கொட்டியது. தெருவே வந்து பிடித்துக்கொண்டது. "ஏமாத்தமாயிடுச்சா சார்?" என்று கேட்டேன். அவர் சொன்னது: "ஏமாத்தமா? இந்த மோட்டாரைப் பார்த்துட்டு 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்ன முதல் ஆள் இவர்தாம்மா. முதல்லயே இவரைக் கூப்பிட்டிருந்தா எப்பவோ தண்ணி வந்திருக்கும்."

பசிக்கிறது யாரு?

பல வருஷம் நம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்துவிட்டு என்னோடு இலக்கணம் எடுத்த அருளப்பன் சார் மக்குக் கட்சி. நம் பிள்ளைகள் சொன்னதை எழுதிக்கொள்ளும், இவர்கள் எழுதுவதற்கு முன்னால் "ஏன்?" என்பார்கள். அது மந்தபுத்தி என்பது அவர் தீர்மானம்.

ஒரு நாள் சூசன் எழுந்தாள். "சார், 'நான் சாப்பிடுறேன்.' சாப்பிடுறது நான். 'எனக்குப் பசிக்குது.' பசிக்கிறது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப 'நான் பசிக்கிறேன்'னு சொல்லலாமா?"

"சொல்லக் கூடாது. தப்பு."

"அப்ப யாரு சார் பசிக்கிறது? வயிறா?"

அருளப்பன் சார் அன்று டீக்குக்கூட வரவில்லை. அந்த வாரம் முழுக்க ரயிலில் இலக்கணப் புத்தகமும் கையுமாக வந்தார். கடைசியில் ஒரு காலை வேளை, கரும்பலகை நிறைய எழுதிப் போட்டார்: பசிக்குது, வலிக்குது, குளிருது, பிடிக்குது, புரியுது. "இதெல்லாம் நாம செய்யறது இல்லம்மா. நமக்கு வந்து சேர்றது. அதனாலதான் 'எனக்கு'." சூசன் எழுந்து நின்று கை தட்டினாள். வீட்டுக்குப் போகும்போது ரயிலில் அவர் என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷமா 'ஏன்'னு ஒருத்தரும் கேட்காத வகுப்புல நின்னுக்கிட்டு, நான்தான் புத்திசாலின்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன் டீச்சர்."

கட்டாயம் வாங்க

டாம் எந்த நிலைப்படியிலும் தலையை இடித்துக்கொள்கிற உயரம். ரயிலில் அவனுக்கும் எனக்கும் பழக்கமான சண்முகம் என்பவர், கீழ்க்கட்டளைக்காரர், இறங்கும்போதெல்லாம் "ஒரு நாள் வீட்டுக்குக் கட்டாயம் வாங்க" என்பார். 'கட்டாயம்' என்றால் என்ன என்று டாம் என்னிடம் கேட்டான். செய்தே தீரவேண்டியது என்றேன். பையன் மகாபலிபுரம் போவதாக இருந்ததை ரத்து செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சண்முகம் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். அவர் முகத்தில் ஷேவிங் சோப்பு. மனைவி தலையில் எண்ணெய். இதைக் கேள்விப்பட்டபோது, 'மக்கே, அது சும்மா பேச்சுக்குச் சொல்வதுடா' என்று கத்தவேண்டும் போல இருந்தது.

அடுத்த வாரம் சண்முகத்தை ரயிலில் பார்த்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கேட்கவிடவில்லை. அவருடைய அப்பா பக்கவாதம் வந்து படுத்திருந்தவராம். பேச்சு குழறும், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் வெகுநேரம் ஆகும். வீட்டில் பொறுமையில்லாமல் அவர் வாக்கியத்தை இவர்களே முடித்துவிடுவார்களாம். டாமுக்கோ நம் தமிழ் எல்லாமே வேகம். அந்தப் பெரியவர் பேசியதுதான் அவனுக்குச் சரியான வேகம். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மத்தியானம் வரை கேட்டிருக்கிறான். பிறகு ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தான். அன்று ரயிலில் சண்முகம் சொன்னார்: "எத்தனையோ பேரை வாங்க வாங்கன்னு கூப்பிட்டிருக்கேன் டீச்சர். வந்தவர் இவர் ஒருத்தர்தான். எங்கப்பா பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தவரும் இவர்தான்."

கணக்குப் புலி

இந்த மூளைக் கணக்கு ஒரு பக்கம் மட்டும் ஓடுவதில்லை. தணிகாசலத்தின் மகன் பாலு மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். அரியர் வைத்துத் தட்டுத்தடுமாறி டிகிரி வாங்கியவன், அதிலும் கணக்கு என்றாலே காய்ச்சல். லீவுக்கு வந்தவன் மாடிக்கு ஏறி வந்து என்னிடம் புலம்பினான். அங்கே அறைத்தோழன் அமெரிக்கன். இந்தியர் எல்லோரும் பிறவியிலேயே கணக்கில் புலி என்று அவன் முடிவு கட்டிவிட்டானாம். சந்தேகம் என்றால் நேரே பாலுவிடம்தான் வருவான். எனக்கு வராது என்று சொன்னால், "என்ன அடக்கம்!" என்று இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவான்.

வேறு வழியில்லாமல் பாலு லைப்ரரியே கதியென்று உட்கார்ந்து, அவர்கள் கேட்கப்போவதை முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டான். "அப்புறம் என்னப்பா ஆச்சு?" என்றேன். வெட்கமும் பெருமையுமாகச் சொன்னான்: "மானத்தைக் காப்பாத்திக்கப் படிச்சேன் டீச்சர். இப்ப அதே கணக்கை அங்க பசங்களுக்கு நான் பாடமா எடுக்கறேன்."

மார்த்தா

என் மாணவர்களிலேயே கடைசி பெஞ்ச் மார்த்தா. அறுபது வயது. அவர் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், தொண்டு செய்யலாம் என்று வந்தவர். வந்தேன், வருகிறேன், வருவேன் மூன்றும் அவருக்கு ஒன்றுதான். கூடப் படித்த அமெரிக்கர்களே பெருமூச்சு விடுவார்கள். இவருக்குத் தமிழ் வராது என்று நானும் மனசுக்குள் கைகழுவிவிட்டேன். அவர் பாட்டுக்கு வகுப்பு முடிந்ததும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்க் கீரைக்காரி கன்னியம்மா பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் வகுப்புக்குள் வந்து, "டீச்சர், நல்லாகீறியா?" என்று கேட்டாரே பார்க்கணும், அருளப்பன் சார் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது.

கன்னியம்மாவுக்கு விடாத இருமல். தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் காட்டினால் டி.பி. என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது. கொஞ்ச நாளில் இருமல் நின்றது. கன்னியம்மா மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து எச்சரித்தார்கள். நானும் போய் ஒரு பிரசங்கம் செய்தேன். "மாத்திர சூடும்மா, வயித்தப் பொரட்டுது. அத்தத் துன்னுட்டு ஏவாரம் எப்பிடிப் பாக்கறது? இப்ப ஒடம்பு நல்லாத்தானே கீது?" என்றாள். பாவம், அவள் கஷ்டம் அவளுக்கு என்று திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் முதல் மார்த்தா காலையில் மார்க்கெட்டுக்குப் போனார். தண்ணீர் பாட்டிலை நீட்டி, "மாத்திர துன்னு" என்றார். கன்னியம்மா தன் கஷ்டங்களை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னாள். மார்த்தா முழுக்கக் கேட்டு, தலையாட்டி, "சரி. துன்னு" என்றார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். "நான் குந்திகினு கீறேன். நீ துன்னு." விழுங்கிய பிறகுதான் எழுந்தார். அடைமழையில் மார்க்கெட் சேறாகக் கிடந்தபோதும் குடையைப் பிடித்துக்கொண்டு அதே சாக்கில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளையும் தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு நாள், பூரணமாகக் குணமாகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். கன்னியம்மா எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தாள். "நாங்க அத்தனை பேர் சொன்னப்ப கேட்கலையே, மார்த்தாம்மா சொன்னா மட்டும் எப்படி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கெல்லாம் தமிழு நல்லா தெரியும்மா, நான் சொன்ன சாக்கு புரிஞ்சிது, போய்ட்டீங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணுமே புரியல. அத்தாம்மா நான் பொழச்சிகினேன்."

இத்தனை வருஷம் அமெரிக்க மூளையைக் கிட்ட இருந்து பார்த்ததில் நான் கண்டது, நம்முடையதைப் போலவே அதுவும் ஆளுக்கொரு தினுசு. அந்த ழகரத்தைக் கொலை செய்வதில் மட்டும்தான் அத்தனை பேரும் ஒரே மாதிரி.