கியர்பாக்ஸில் இறங்கிய தண்ணீர்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது "நிதானம், நிதானம்" என்று தன் கைகளுக்குச் சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பார். அந்த நிதானமெல்லாம் கைக்கு மட்டும்தான், வாய்க்கு ஒரு சொட்டும் கிடையாது. யாராவது ஒரு போல்ட்டைத் தப்பாக முறுக்கிவிட்டால் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார். ஐந்து நிமிடம் கழித்து டீ வாங்கிக் கொடுப்பார். டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஐம்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தார் பாவம்.

பஸ் பட்டறையில் தொழில் பழகியவர் அவர். ஆட்டோமேட்டிக் வண்டிகள் வரத் தொடங்கியபோது மற்ற மெக்கானிக்குகள் பக்கத்தில் போகவே பயந்தார்கள். இவர் மட்டும் விபத்தில் நசுங்கிய வண்டி ஒன்றின் கியர்பாக்ஸை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார். இரண்டு மாதம் கூடத்தில் நடக்க இடமில்லை. மனைவி தலையில் அடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கைதான் பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் எண் எழுதிச் சீட்டு ஒட்டினாள். ஐந்தாவது தடவை பூட்டியபோதுதான் ஒன்றும் மிச்சமில்லாமல் எல்லாம் உள்ளே போனது.

அந்தத் தங்கையைப் பக்கத்துக் கடை ரேடியேட்டர்காரருக்குக் கட்டிவைத்ததும் இவர்தான். மாப்பிள்ளை அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு நட்டைக் கழற்றிவிடலாம். தன் கடைக்கு வரும் வண்டியில் ரேடியேட்டர் ஒழுகினால் நிதானம் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். இருபது வருடமாக அப்படித்தான் ஓடியது.

ஒரு நாள் நர்ஸம்மாவின் கார் வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டு மாற்றி வருகிறவர் அவர். மூன்று வாரத்துக்கு முன்புதான் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று வந்து, மாப்பிள்ளையிடம் சரி செய்துகொண்டு போயிருந்தார். இப்போது மேடு ஏறினால் வண்டி உதறுகிறது, கியர் விழத் தயங்குகிறது என்றார். ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வருகிறதாம், ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லையாம்.

கியர்பாக்ஸின் அடித்தட்டை வண்டிக்குச் சொந்தக்காரர் கண்ணெதிரேதான் கழற்றுவது நிதானத்தின் வழக்கம். கழற்றினார். சிவப்பாக இறங்க வேண்டிய ஆயில், பால் கலந்த மாதிரி வெளிறிய ரோஸ் நிறத்தில் நுரைத்துக்கொண்டு இறங்கியது. ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் ஆயில் குளிர்வதற்கு ஒரு குழாய் ஓடுகிறது. அதில் விரிசல் விட்டால் தண்ணீரும் கூலன்ட்டும் ஆயிலோடு கலந்துவிடும். ஆயிலை மாற்றிவிட்டால் போதாதா என்று நர்ஸம்மா கேட்டார். போதாது. கிளட்ச் தட்டுகளில் காகிதம் போன்ற ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அது தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டால் பசை விட்டு உரிந்துவிடும். இன்று ஆயிலை மாற்றினால் அடுத்த மாதம் நடுரோட்டில் நிற்கும். எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றார் நிதானம். நர்ஸம்மா சம்மதித்தார்.

"என் மேல ஏதாவது தப்பா?" என்று நர்ஸம்மா கேட்டார். அந்தக் கேள்விதான் அவருக்குச் சுருக்கென்று குத்தியது. விடுவிடுவென்று பக்கத்துக் கடைக்குப் போய் மாப்பிள்ளையைக் கையோடு கூட்டி வந்து, அந்த ஆயிலின் முன்னால் நிறுத்தினார்.

"கண்ணை எங்க வச்சுட்டு வேலை பாத்தீங்க? உள்குழாயில இருக்கற விரிசல் தெரியலையா? உங்கள நம்பி அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மாப்பிள்ளை ஆயிலைப் பார்த்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நர்ஸம்மா பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் ஷட்டரை இறக்கினார். நிதானம் அனுப்பிய டீ திரும்பி வந்தது. மறுநாளும் கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் தங்கை போனில் அழைத்து, வேறு ஊரில் கடை பார்க்கப் போவதாகச் சொல்கிறார் என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் இவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தான் சொன்னது சரிதான் என்று தனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் அந்த ரேடியேட்டரைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார். சாமான் கழுவும் தொட்டியில் அதை அமுக்கி, தண்ணீர் ஓடும் பக்கம் காற்றை ஏற்றினார். எங்காவது ஓட்டை இருந்தால் குமிழி வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. இன்னும் காற்றை ஏற்றினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. குனிந்து பார்த்தார். ஆயில் குழாயின் இரண்டு முனைகளிலும் ரப்பர் மூடி. யோசிக்காமலே, பழக்கத்தில், தன் கையே அடைத்திருக்கிறது. ஒரு மூடியைப் பிடுங்கினார். குமிழி கொப்பளித்துக்கொண்டு வந்தது.

விரிசல் வழியாகப் போன காற்று வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அடைந்து கிடந்திருக்கிறது. மாப்பிள்ளையும் இப்படித்தான் மூடி போட்டுச் சோதித்திருப்பார். போடச் சொன்னது யார்? நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு தூசி உள்ளே போனாலும் கியர்பாக்ஸ் காலி, கடைசிவரைக்கும் மூடியைத் திறக்கவே கூடாது என்று கத்தியவர் இவர்தான். அப்போது அந்த மனிதர் மெல்ல ஏதோ கேட்க வந்ததும், இவர் கேட்காமல் நடையைக் கட்டியதும் ஞாபகத்துக்கு வந்தன. முப்பது வருடத்தில் 'என் தப்பு' என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஈரக்கையோடு தங்கை வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேஜை மேல் பாதி கட்டிய அட்டைப் பெட்டிகள். மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"தப்பு என்னோடது மாப்ளே. மூடியைப் போடச் சொன்னது நான்."

மாப்பிள்ளை வழக்கம்போல அவசரப்படவில்லை. "தெரியும் மச்சான்" என்றார். "ஆயிலைப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

"அப்ப ஏன்யா வாயைத் திறக்கல? நாலு பேச்சு பேசியிருக்கலாமே."

"உங்க பேச்சை நம்பித்தான் அந்தம்மா கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிச்சாங்க. அந்த நேரத்துல உங்க மேலதான் தப்புன்னு சொல்லியிருந்தா, வண்டியை எடுத்துட்டுப் போயி யார்கிட்டயாவது வெறும் ஆயிலை மாத்திட்டு ஓட்டுவாங்க. நடுவழியில நின்னா, படுக்கையில கிடக்கறவங்கதான் காத்துட்டுக் கிடப்பாங்க."

தங்கை கணவரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாளில் அவளிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. நிதானம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து நர்ஸம்மாவை அழைத்தார்.

"அம்மா, அன்னைக்கு உங்க எதிர்ல ஒருத்தரைத் திட்டினேன். தப்பு பண்ணினது அவர் இல்ல, நான். இதை உங்ககிட்ட சொல்லாம உங்க வண்டியைத் தொடக் கூடாதுன்னு கூப்பிட்டேன். இனிமே என்கிட்ட வேலை வேண்டாம்னாலும் சொல்லிடுங்க."

நர்ஸம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்மா. பக்கத்துலதான் இருக்காரு."

"அப்ப ரெண்டு பேருமா சேர்ந்தே பாருங்க" என்றார் நர்ஸம்மா.