கதிரைக் கம்பனியின் ஆண்டுக் கூட்டம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து கூட்டம் நடத்தி, எனக்கு நானே வரவேற்புரை சொல்லி, நானே முன்மொழிந்து, குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு நானே வழிமொழிந்து, கடைசியில் எனக்கே நன்றியும் சொல்லிக் கைதட்டிய புத்திசாலி நான். கைதட்டல் சற்றுப் பலமாகிவிட்டது போலும். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் சுவரைத் தட்டி, "என்ன தம்பி, எலியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, கூட்டம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நாள் என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார். பைத்தியங்களிடம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

எங்களுடையது வாடகைக் கதிரைக் கம்பனி. எங்களுடையது என்றால் எனக்கும் என் கூட்டாளிக்கும். நான் பதுளை பஜாரில் பிறந்து, பஜாரைத் தாண்டாமல் வளர்ந்தவன். அவன் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் வந்து உட்கார்ந்தவன். தோட்டத்தில் திருவிழாவா, சடங்கா, சாவா, எல்லாவற்றுக்கும் ஆட்கள் உட்கார வேண்டும். எந்தத் தோட்டத்தில் எப்போது என்ன என்பது அவனுக்குத் தெரியும். பிளாஸ்டிக் கதிரை எங்கே மலிவு என்பது எனக்குத் தெரியும். ஒரு தொழிலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தொழிலைப் பதிவுசெய்ய, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த சட்டத்தரணி மிஸ்ஸிடம் போனோம். அவர் பொறுமையாக விளக்கினார்.

"பங்குடைமைன்னா, ஒருத்தர் கையெழுத்துப் போட்டா இன்னொருத்தரையும் அது கட்டும். தொழில்ல அவரு குடுக்கிற வாக்குக்கு நீங்க பொறுப்பு, நீங்க குடுக்கிற வாக்குக்கு அவரு பொறுப்பு."

"இவன் வாய்க்கு நான் பொறுப்பா மிஸ்?" என்றான் அவன். "அதுக்கு நான் இப்பவே மறியலுக்குப் போயி கம்பி எண்ணிர்றேன்."

மிஸ் சிரிக்கவில்லை. "ஒருத்தர் விலகிட்டா பங்குடைமை அதோட முடிஞ்சுரும். கம்பனி அப்பிடியில்ல. சட்டத்துக்கு அது தனி ஆள். நீங்க போனாலும் அது இருக்கும்."

நான் விழுந்த இடம் இதுதான். அம்மா போனதிலிருந்து வீட்டில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்ட காலம் அது. யார் போனாலும் போகாமல் இருக்கும் ஓர் ஆளைக் கட்டணம் கட்டிப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டமே சொல்லும்போது எப்படி வேண்டாமென்பது? "கம்பனியே போடுங்க மிஸ்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். இருவரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்று விதியில் எழுதச் சொன்னதும் நான்தான். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒருத்தர் வரலன்னா மாட்டிக்குவீங்க."

"அவன் எங்க மிஸ் போகப்போறான்? அவனுக்கு பண்டாரவளை தாண்டினாலே பஸ்ஸுல வாந்தி வரும்."

சரி, நேரில் வர முடியாவிட்டால் போனிலாவது இருக்கலாம், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்று ஒரு வரியை மிஸ்தான் சேர்த்தார்.

எங்கள் இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் எழுதினோம். பட்டா என்கிற எங்கள் குட்டி லொறியின் இரண்டு பக்கமும் 'பிரைவேட் லிமிடெட்' என்று, லொறியைவிடப் பெரிதாக எழுதினோம். அந்தக் கோலத்தோடு முதன்முதலில் பூனாகலைப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போனபோது, லயத்து வாசலில் ஒரு அக்கா லொறியை மறித்துவிட்டார். கம்பனி வந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். தோட்டத்தில் கம்பனி என்றால் தோட்டத்தை நடத்தும் கம்பனிதானே.

"ஏங்க, கூரை ஒழுகுது ஒழுகுதுன்னு எத்தன தடவ சொல்றது? இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"அக்கா, நாங்க அந்தக் கம்பனி இல்லீங்க. கதிரைக் கம்பனி."

"கதிரையா? அப்ப எறக்கிப் போடுங்க. உக்காந்தே சொல்றோம்."

இறக்கிப் போட்டோம். அவர்களும் உட்கார்ந்து சொன்னார்கள். என் கூட்டாளி கையைக் கட்டிக்கொண்டு, "நிர்வாகம் கவனிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். திரும்பும்போது நமுனுகுல மலையே தெரியாத மூடுபனி. நாங்கள் சிரித்த சிரிப்பில் லொறியை இரண்டு தரம் நிறுத்த வேண்டியிருந்தது.

வருடக் கூட்டத்தைக் கதிரை அடுக்கியிருக்கும் ஸ்டோரில்தான் வைப்போம். நான் தலைவர். கணக்கை ஏற்றுக்கொள்ளும்படி முன்மொழிவேன். அவன் எழுந்து நின்று, "எதுக்குறேன்" என்பான்.

"என்ன காரணம்?"

"தலைவர் மூஞ்சி சரியில்ல."

எதை முன்மொழிந்தாலும் எதிர்ப்பான். தேநீர் இடைவேளையை எதிர்ப்பான். நன்றியுரையை எதிர்ப்பான். எல்லாவற்றையும் எதிர்த்து முடித்து வடையையும் தின்ற பிறகு, "சரி, குடு" என்று எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போடுவான். சட்டப்படி இதெல்லாம் செல்லுமா என்று மிஸ்ஸிடம் நாங்கள் கேட்கவில்லை.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் எங்களையும் முடக்கியது. கல்யாணங்கள் வீட்டுக்குள் சுருங்கின. லொறி ஓடவில்லை. அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவன் வேலைக்கென்று டோஹாவுக்குப் பறந்துவிட்டான். பதுளை ஸ்டேஷனில் அவனை ரயிலேற்றிவிட்டு நின்றேன். எங்கள் ஊரோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. இங்கிருந்து ஒரு பக்கமாகத்தான் போக முடியும். எல்லோரும் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள்.

முதல் வருடம் போனில் கூட்டம் நடந்தது. அங்கிருந்தே எல்லாவற்றையும் எதிர்த்தான். பக்கத்தில் இருந்த மலையாளி என்ன சண்டை என்று கேட்டானாம். அடுத்த வருடம் எதிர்ப்புக் குறைந்தது. வேலை முடிந்து படுத்தபடி பேசினான். அதற்கடுத்து நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பகிடிகளுக்கெல்லாம், பார்த்துவிட்டான் என்ற நீலக் கோடு மட்டும் விழுந்தது. பிறகு ஒரு கூட்டத்துக்கு அவன் போனையே எடுக்கவில்லை. அன்றுதான் நான் எனக்கே கைதட்டியது.

அந்தத் தாள்களை மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். எங்கள் கம்பனிக்குச் செயலாளரும் அவர்தான். ஒரு பார்வையிலேயே திருப்பித் தந்தார்.

"நீங்க பேசி நீங்களே கேட்டா அது கூட்டமில்ல."

"சட்டத்துக்கு இரக்கமே இல்லையா மிஸ்?"

"அவர லைன்ல எடுங்க. இல்லாட்டி ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கம்பனிய மூடிருங்க. கதிரைய மட்டும் வச்சு நீங்க தனியா தொழில் பண்ணலாமே. அதுக்குக் கம்பனி என்னத்துக்கு?"

நல்ல கேள்வி. வாடகைக்கு விட நான் ஒருத்தன் போதும். ஏற்றி இறக்க நாட்கூலிக்கு ஆள் கிடைக்கும். கம்பனியால் எனக்கு ஆகும் ஒரே காரியம், வருடத்தில் ஒரு நாள் அவன் என்னோடு பேசியே ஆக வேண்டும் என்பதுதான். கம்பனி போனால் அவனை எந்தச் சாக்கில் கூப்பிடுவேன்? சும்மா கூப்பிட்டுப் பேசலாமே என்பீர்கள். சும்மா கூப்பிடுவதற்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும்.

மிஸ்ஸுக்கு நான் ஒரு பகிடி சொன்னேன். என்ன பகிடி என்று நினைவில்லை. அவர் சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

'கூட்டத்துக்கு நீ இல்லாட்டி மிஸ் என்னைய மறியல்ல போட்டுருவாங்க' என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். 'வெள்ளிக்கிழமை பேசுறேன்' என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டோரில் இரண்டு கதிரைகளை எதிரெதிராகப் போட்டேன். ஒன்றில் நான், மற்றதில் போன். சுற்றிலும் கூரை வரைக்கும் கதிரைகள், எல்லாவற்றின் முதுகிலும் அவன் எழுத்தும் என் எழுத்தும். வடையும் வாங்கி வைத்திருந்தேன். அவன் பங்கையும் சேர்த்துத்தான்.

எடுத்தான். பின்னால் ஏதோ வாகன இரைச்சல்.

"பணிப்பாளர் அவர்களே, என் குரல் கேக்குதா?"

"கேக்குது மச்சான், சொல்லு."

"கணக்கறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி தலைவர் முன்மொழிகிறார்."

"சரி."

"டேய், சரியா?"

"சரிதான்டா. அடுத்தது என்ன?"

அடுத்ததையும் சொன்னேன். அதற்கும் சரி என்றான். தலைவர் மூஞ்சியைப் பற்றி நானே எடுத்துக் கொடுத்தேன். "ம்" என்றான். ஒரே ஒரு 'எதுக்குறேன்' வந்தால் போதும், அதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிடுவேன். எதைச் சொன்னால் இவன் துள்ளி எழுவான் என்று யோசித்தேன். யோசித்தேன் என்பது பெரிய வார்த்தை. எப்போதும்போல வாய் முந்திக்கொண்டது. எழுந்து நின்று, கல்யாண வீட்டு மைக்கில் அறிவிப்பது போலக் குரலை உயர்த்தினேன்.

"ஆகவே, இந்தக் கம்பனியை இன்றோடு மூடிவிடலாம் என்று தலைவர் முன்மொழிகிறார்! எதிர்ப்பவர்கள் யாராவது உண்டா?"

சொல்லிவிட்டு, வரப்போகும் வசவுக்குச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி நின்றேன். அந்தப் பக்கம் வாகனம் எங்கோ நின்று, இரைச்சல் அடங்கியது.

"வழிமொழியிறேன், மச்சான்."