லைன்மேன் கொடுத்த மூன்று ப்யூஸ்

எங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டின் மேல்தட்டில் மூன்று பீங்கான் ப்யூஸ்கள் இருக்கின்றன. வெள்ளை நிறம், ஓரமெல்லாம் கரி. டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இருக்கும் பெட்டியில் செருகி வைப்பார்களே, அந்தச் சாமான். ஆயுத பூஜை அன்று என் மனைவி மிக்சிக்கும் பைக்குக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே இவற்றுக்கும் வைப்பாள். "காயலாங்கடைக்காரன்கூட எடுக்க மாட்டான், இதுக்கு ஒரு பூஜை" என்பாள். அவை என்னுடையவை அல்ல. ஒரு லைன்மேனுடையவை.

நான் திண்டிவனத்தில் தீயணைப்பு வீரனாக வேலை பார்த்தேன். வீடு எரிகிறது என்று தகவல் வந்தால் எங்கள் வண்டி கிளம்பும்போதே மின்சார ஆபீசுக்கும் போன் போகும். கரண்டு ஓடும் வீட்டின் மேல் தண்ணீர் அடித்தால், அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே அது குழாய் பிடிப்பவனிடம் வந்துவிடும். எரிகிற வீட்டின் முன்னால் நின்று லைன்மேனுக்காகக் காத்திருப்பதைப் போலக் கொடுமை எங்கள் வேலையில் வேறு கிடையாது. ஊரே திட்டும். "வேடிக்கை பாக்கவா வண்டி எடுத்துக்கினு வந்தீங்க?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வேறு மூக்கு நுனியில் இருக்கும்.

இந்த லைன்மேனிடம் ஒரு பழக்கம் இருந்தது. மொபெட்டில் வந்து இறங்குவார், டிரான்ஸ்பார்மரில் மூன்று ப்யூசையும் பிடுங்குவார், நேராக வந்து குழாய் பிடித்திருப்பவன் கையில் கொடுப்பார். பிடுங்கி அங்கேயே கீழே வைத்தால் யாராவது எடுத்துச் செருகிவிடுவார்கள் என்பது அவர் பயம். ஒரு தடவை சீரியல் போய்விட்டது என்று ஒருவன் உண்மையிலேயே செருகியிருக்கிறான். அதனால் ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைதான்: "வச்சிக்கோங்க சார். நான் வந்து கேட்டாதான் குடுக்கணும். எங்க ஆபீசர் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க." தீ அணைந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்து கை நீட்டுவார். "குடுங்க சார், ஜனங்க இருட்டுல பேஜாராவுது."

இந்த மூன்று ப்யூசும் என்னிடம் வந்த அன்றைக்கு நல்ல வெயில். விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு வீடு. அடுப்பங்கரையில் பிடித்த தீ முன்கட்டு முழுவதும் பரவியிருந்தது. வாசல் வழி போக முடியாது. பக்கவாட்டு அறையில், இடுப்பெலும்பு முறிந்து எழுந்து நடமாட முடியாத ஒரு தாயார் படுத்திருந்தார். அவருடைய ஒரே மகன் வேலைக்காகத் திண்டிவனம் போயிருந்தான். சன்னல் வழியாக அந்த அம்மாவின் குரல் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "யாராச்சும் வாங்களேன்" என்றுதான் சொன்னார், திரும்பத் திரும்ப.

லைன்மேன் சீக்கிரமே வந்துவிட்டார். ப்யூஸ் மூன்றும் என் சட்டைப் பைக்குள் வந்தன. நான் தண்ணீரைத் திறந்தேன். கூட வேலை செய்தவர் சன்னல் கம்பியைப் பெயர்க்கக் கடப்பாரையோடு ஓடினார். வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்த லைன்மேன் அந்தச் சன்னலுக்கு எதிரே வந்ததும் கத்தினார், "நிறுத்துங்க! தண்ணிய நிறுத்துங்க! கம்பியத் தொடாதீங்க!" கூட வேலை செய்தவரின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். உள்ளே புகைக்கு நடுவில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ப்யூஸ் என் பையில் இருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது. கொல்லையில் இருந்த மோட்டார் கொட்டகையிலிருந்து தனியாக ஒரு வயர் வேப்பமரத்தின் மேலாக வந்து, அதே சன்னல் கம்பியில் சுற்றிக் கட்டி உள்ளே போயிருந்தது. மோட்டார் லைனுக்கு வேறு டிரான்ஸ்பார்மர், எங்கோ தூரத்தில். நான் தண்ணீரை நிறுத்தினேன். லைன்மேன் கொல்லைக்குள் ஓடினார். கொட்டகை பூட்டியிருந்தது. திரும்பி வந்து, வயரை அறுக்க மரத்தில் ஏறினார். கூட்டத்துக்கு இது எதுவும் தெரியாது. தண்ணீரை நிறுத்தச் சொன்னான், ஓடிவிட்டான், அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் குரல் நின்றது. பிறகுதான் மின்விசிறி நின்றது. அந்த வரிசையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கம்பியைப் பெயர்த்து நாங்கள் அவரை வெளியே கொண்டுவந்தபோது மூச்சு இல்லை. உடம்பில் ஒரு தீக்காயம்கூடக் கிடையாது. எல்லாம் புகை செய்த வேலை. மகன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். யாரோ லைன்மேனைக் கை காட்டினார்கள். "தண்ணிய நிறுத்தச் சொன்னது நீதானாடா? எங்க அம்மாவைக் கொன்னுட்டியேடா!" என்று அடித்தான். அவனோடு இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். விலக்கப் போன எனக்கும் விழுந்தது. "டேய், அந்த வயரு..." என்று நான் வாயெடுத்தேன். லைன்மேன் என் கையை இறுக்கிப் பிடித்தார். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. "வேணாம் சார். வூட்டு லைன்ல வோல்டேஜ் இல்ல, அம்மாவுக்குக் காத்து வரணும்னு அவன்தான் இழுத்திருப்பான். தெரிஞ்சா இன்னிக்கே நாண்டுக்குவான்."

அறுத்த வயரைச் சுருட்டி அவர் ஏற்கெனவே மொபெட் பைக்குள் வைத்துவிட்டிருந்தார். ஆம்புலன்சில் லைன்மேனை ஏற்றினோம். ப்யூஸ் கேட்டு மின்சார ஆபீசிலிருந்து வேறு ஒருவர் வந்தார். தர முடியாது என்றேன். "உனக்கென்ன பைத்தியமாய்யா?" என்று திட்டிவிட்டு வேறு போட்டுக்கொண்டார். நானும் கூட வேலை செய்தவரும் அந்த வயரைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதன் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களில் லைன்மேனுக்கு ஒரு செம்பு தண்ணீர் தர ஆள் இல்லை. கம்பத்தில் ஏறினால் கீழே நின்று ஏசினார்கள். கடைசியில் விழுப்புரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். ஜங்ஷன் பக்கம் டீக்கடையில் எப்போதாவது பார்ப்பேன். "உங்க சாமான் என்கிட்டயே கீது" என்பேன். "கேக்கறப்ப குடுங்க சார்" என்று சிரிப்பார். கடைசிவரை கேட்கவே இல்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

சாவுக்குப் போயிருந்தேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் அந்த மகன் நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. உள்ளே வரவில்லை. ஒரு வாரம் கழித்து விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த வயர அவரு என்னா பண்ணாரு சார்?" என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சிக்கினேவா அடிச்ச?" என்றேன்.

"அடிக்கறப்ப தெரியாது சார். மறுநாள் பால் ஊத்திட்டு வந்து மரத்தப் பாத்தேன். வயரக் காணோம். கொட்டாய்ப் பக்கம் துண்டு மட்டும் தொங்கிக்கினு இருந்திச்சி. நான் இழுத்த வயருக்காகத்தான் தண்ணிய நிறுத்தச் சொன்னாருன்னு அப்பதான் நெனப்பு வந்திச்சி."

"அப்ப இத்தினி வருஷம் அவரு ஏச்சு வாங்கினதப் பாத்துக்கினுதானே இருந்த? ஒரு தபா போய்ப் பார்த்தியா?"

"விழுப்புரம் வரைக்கும் போவேன் சார். அவரு வூட்டுத் தெரு முனையில நிப்பேன். திரும்பிடுவேன். எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன்?"

வெளியே போடா என்றுதான் வாயில் வந்தது. அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கக் கெட்ட பேர் சுமந்தார். இவனுக்கோ மறுநாளே தெரிந்திருக்கிறது. எதற்காகச் சுமந்தார்? எனக்கு அழுகைதான் வந்தது.

போகும்போது அவன் கண் டி.வி. ஸ்டாண்டில் நின்றது. ப்யூஸ்களின் மேல் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. "அவரோடதுங்களா?" என்றான். ஆமாம் என்றேன். "ஒண்ணே ஒண்ணு எனக்குக் குடுப்பீங்களா சார்?" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

நான் கொடுக்கவில்லை. அவர்தான் வந்து கேட்க வேண்டும்.